உங்கள் கடிதம் கிடைத்தது

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள சுண்டு,

நான் உன் அண்ணி. என் கையெழுத்து உனக்குப் பழக்கமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'நீ' என்று எழுதலாமா என்றுகூடத் தெரியவில்லை. உறவில் நீ எனக்கு நாத்தனார், வயதில் என்னைவிட ஒரு வருஷம் பெரியவள். 'நீங்கள்' என்று ஆரம்பித்த தாளைக் கிழித்துப் போட்டேன். பேங்க் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி இருந்தது.

உனக்கு மெயில்தான் அனுப்பினேன். நம் காது மெஷின் கடையிலிருந்து வரும் எதையும் உன் ஆபீஸ் சர்வர் வாங்காதாம், திருப்பிவிட்டது. போனில் பேசலாம் என்றால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் சாத்தாது. மாமாவுக்குக் காது கேட்காவிட்டால் என்ன, உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துவிடுகிறார். நீ போன நாளிலிருந்து உன் பெயரைச் சொல்லாத வீட்டில், உன்னோடு பேசிக்கொண்டு நிற்க எனக்குத் தைரியமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு கடையின் மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தாவரவியல் படித்தவள் ஏன் பார்க்கிறாள் என்று கேட்காதே. டைப் அடிக்கத் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன், அவ்வளவுதான். மேஜைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி ஓடும், பச்சை விளக்கு எரியும், நான் தூசி தட்டுவேன். இத்தனை நாளும் அது போதுமாக இருந்தது.

போன வாரம் இணைப்புக் கொடுக்கிற கம்பெனி ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நம் சர்வர் ஒரு நாளைக்கு நானூறு பேருக்குப் பதில் போடுகிறதாம், முன்பின் தெரியாதவர்களுக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் எந்தப் பெயரைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்படி நீ வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். 'ரிப்பேர்' என்று போட்டாலும் வரும், 'காதுக்காரர்' என்று போட்டாலும் வரும், கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் வரும். பெட்டி இல்லாத பெயருக்கு வந்ததெல்லாம் ஒரு பொதுப்பெட்டியில் விழும். வாங்கிய கையோடு, 'உங்கள் கடிதம் கிடைத்தது. பார்த்துவிட்டு எழுதுகிறோம்' என்று தானாக ஒரு பதில் போகும். குப்பை அனுப்புகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இல்லாத பெயர்களுக்கு அனுப்புகிறார்கள், அனுப்பியவர் என்ற இடத்தில் யாரோ ஒரு பாவப்பட்டவரின் முகவரியைப் போட்டு. நாம் அந்தப் பாவப்பட்டவருக்குக் 'கிடைத்தது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நிஜமான பெயர்களுக்கு வருவதை மட்டும் வாங்கும்படி இருபதாம் தேதிக்குள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களாம்.

மாமாவிடம் எழுதிக் காட்டினேன். "எல்லாத்தையும் வாங்கட்டும்" என்றார். "நமக்கு எழுதறவன் காது கேக்காதவன். போன் பண்ண முடியாமத்தான் எழுதறான். அவன வாசல்ல நிறுத்திப் பேரு கேப்பியா நீ?" அது நியாயம்தான் என்று தோன்றியது. துண்டித்துவிட்டால் ஒருத்தர் கடிதமும் வராதே மாமா என்று எழுதினேன். மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் மேஜையைத் தட்டி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அந்தப் பொதுப்பெட்டியைத் திறந்துகொண்டு உட்காருகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் உருட்டி உருட்டி, விழுந்த குப்பை அத்தனையையும் பார்க்கிறார். ஒரு மணி நேரம். உன் அண்ணனைக் கேட்டால், "அப்பாவுக்கு அது பேப்பர் படிக்கிற மாதிரி, விடு" என்கிறார்.

எதை எங்கே மாற்றுவது என்று எழுது. யாரையாவது தெரியாமல் வெளியே நிறுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. குட்டிக்கு எட்டு மாதம். பல் வருவதால் கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது. இந்தத் தாளின் ஓரமும் அப்படித்தான் ஆனது, மன்னித்துக்கொள்.

அண்ணி


மார்ச் 7, சனி

அண்ணிக்கு,

'நீ' என்றே எழுதுங்கள். கடித்த ஓரத்தைப் பார்த்தேன். ஒரு பல்தான் தெரிகிறது.

பேப்பரிலேயே எழுதுங்கள், போன் வேண்டாம்.

மாற்ற வேண்டியதை வரிவரியாகத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே அடித்தால் போதும், புரிய வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத பெயருக்கு வருவதை உள்ளே வாங்கிவிட்டுப் பிறகு திருப்பக் கூடாது. உள்ளே வாங்கிவிட்டால் அது நம் தலையில். வாசலிலேயே 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். கொண்டுவந்த சர்வர் தன் ஆளிடம் தானே போய்ச் சொல்லிக்கொள்ளும்.

தானாகப் போகிற பதிலையும் நிறுத்த வேண்டும். 'உங்கள் கடிதம் கிடைத்தது.' அதை நான்தான் எழுதினேன், ஒரு மத்தியானம், சாப்பிடப் போகிற அவசரத்தில். நிறுத்திவிடுங்கள். பரவாயில்லை.

அப்பாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் இருபதாம் தேதி வந்துவிடும். அவரிடம் ஒன்றைச் சொல்லி அவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆறு வாடிக்கையாளர்கள் முன்னால், "அடுத்தவங்களுக்கு மாட்டறதுக்கு முன்னால நீங்க ஒண்ணு மாட்டுங்கப்பா, நாலு தடவ கூப்பிட்டாச்சு" என்று நான் சொன்னது தப்புதான். தனியாகச் சொல்லியிருக்கலாம். தனியாக ஒரு வருஷம் சொன்னேன். காது மெஷின் கடைக்காரருக்கே காது கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் கடை என்னாவது என்றார். அன்றைக்கு "வெளியே போ" என்றார், வந்துவிட்டேன். இதை உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பட்டியல் போடும்போது அவசரப்படாதீர்கள். ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்.

சுண்டு


மார்ச் 12, வியாழன்

அன்புள்ள சுண்டு,

முடித்துவிட்டேன். நேற்று மத்தியானம், குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீ எழுதியதை ஒரு புள்ளி விடாமல் அடித்தேன்.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை எழுதி, மேலே முழுசாகக் கோடு போட்டு அடித்திருந்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தும் படிக்க முடியவில்லை. அது சர்வர் சம்பந்தப்பட்டதா? முக்கியமானதாக இருந்தால் மறுபடி எழுது.

பட்டியல்தான் பெரிய பாடு. யார் யாருக்குப் பெட்டி இருக்கிறது என்று உன் அண்ணனைக் கேட்டேன். "இருக்கிறவங்களுக்கு இருக்கும்" என்றார். இந்த மனிதரோடு எப்படித்தான் வளர்ந்தாயோ. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வருஷத்தில் எந்தெந்தப் பெயரிலிருந்து மெயில் வெளியே போயிருக்கிறது என்று சர்வரின் பதிவில் பார்த்தேன். எழுதுகிறவன்தானே இருக்கிறவன்? ஏழு பேர் கிடைத்தார்கள். வாடிக்கையாளர்கள் பழக்கத்தில் போடுகிற 'காதுக்காரர்', 'மெஷின் சார்' இரண்டையும் சேர்த்தேன். ஆக ஒன்பது.

சோதித்துப் பார்க்க, உன் அண்ணன் போனிலிருந்து 'யாரோ' என்ற பெயருக்கு ஒரு மெயில் போட்டேன். இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உடனே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நிமிஷமே அந்த 'யாரோ'வை நினைத்துப் பாவமாகிவிட்டது. என்னை எதில் சேர்ப்பது, சொல்.

இன்று பத்து மணிக்கு மாமா வழக்கம்போல உட்கார்ந்தார். புதிதாக ஒன்றும் இல்லை. சொடுக்கிப் பார்த்தார். ஒயரை அசைத்துப் பார்த்தார்.

"மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுது மாமா."

"அப்ப ஏன் ஒண்ணும் வரல?"

"குப்பைய நிறுத்தியாச்சு மாமா. இனிமே வேணுங்கறது மட்டுந்தான் வரும்."

"வேணுங்கறது எதுன்னு யாரு முடிவு பண்ணது?"

'நான்தான்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. மத்தியானம் பாதி சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நான் செய்தது சரியா தப்பா என்றே தெரியவில்லை. நோட்டீஸ் கம்பெனிக்காரர் மட்டும் போனில் "வெரி குட் மேடம்" என்றார்.

இன்னொன்று. இரண்டு வாரமாக வீட்டில் மெலிசாக ஒரு விசில் சத்தம் வருகிறது. வாடிக்கையாளர் மெஷின் என்று பார்த்தால் கடை மூடின பிறகும் வருகிறது. மாமா குனிந்தால் வருகிறது, நிமிர்ந்தால் நிற்கிறது. சர்வர்தான் கெட்டுப்போகப் போகிறதோ என்று அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். சர்வர் இப்படி விசில் அடிக்குமா?

அண்ணி


மார்ச் 13, வெள்ளி

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் உங்கள் சர்வரின் பதில் வந்துவிட்டது. 'இப்படி ஒருவர் இங்கே இல்லை.' நான் சொல்லிக்கொடுத்த வரி. நன்றாகவே அடித்திருக்கிறீர்கள்.

மறைத்துப் பயனில்லை. வீட்டைவிட்டு வந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும், ஆபீசில் நுழைந்ததும், அப்பாவுக்கு எழுதுகிறேன். அவரால் போனில் கேட்க முடியாது. அட் குறிக்கு முன்னால் 'அப்பா' என்று போடுவேன். அப்படி ஒரு பெட்டியை நான் ஏற்படுத்தியதே இல்லை. எந்தப் பெயரையும் அந்தச் சர்வர் வாங்கும் என்று தெரியும், அதனால் போட்டேன். குப்பையோடு போய் விழும், ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றும் தெரியும். ஒரு நிமிஷத்தில் பதில் வரும். 'உங்கள் கடிதம் கிடைத்தது. பார்த்துவிட்டு எழுதுகிறோம்.' எழுதி வைத்தவளே நான்தான். இருந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். மூன்று வாரமாக அதுவும் வரவில்லை. உங்கள் முதல் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

போன கடிதத்தில், பட்டியலில் 'அப்பா'வையும் சேருங்கள் என்று எழுதி, கோடு போட்டு அடித்தேன். கேட்டு வாங்கிய இடமாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீங்களாகச் சேர்ப்பீர்கள் என்றும் நினைத்தேன். எதை வைத்து அப்படி நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சேர்க்காதே என்று அப்பா சொன்னாரா? சொன்னார் என்றால் இனி எழுதமாட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், பூசி மெழுக வேண்டாம்.

சுண்டு


மார்ச் 17, செவ்வாய்

சுண்டு,

அவர் சொல்லவில்லை. இதை முதல் வரியில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். செய்தது நான், நான் மட்டும்.

உன் கடிதம் வந்ததும் குட்டியை உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பழைய பொதுப்பெட்டியைத் திறந்தேன். இரண்டு வருஷக் குப்பை, நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். மாமாவுக்கு அழிக்கத் தெரியாதே, எல்லாம் அப்படியே கிடக்கிறது. திறந்து படித்தவற்றை மட்டும் காட்டு என்று ஒரு வழி இருக்கிறது. அதை அழுத்தினேன்.

தொண்ணூற்றேழு நின்றன. தொண்ணூற்றேழும் நீ எழுதியவை. வேறு ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை சுண்டு. எண்ணிக்கை சரிதானா?

நான் படிக்கவில்லை. ஒன்றின் முதல் வரி மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. 'அப்பா, இன்றைக்கு லிஃப்டில் உங்களை மாதிரியே ஒருவர் இருமினார்.' அதோடு மூடிவிட்டேன்.

இப்போது எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. ஒரு மணி நேரம் அவர் குப்பை பார்க்கவில்லை, உன்னைத் தேடியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் உட்கார்ந்தால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்று தினமும் உட்கார்ந்தாரா, இல்லை பழையதைத் திரும்பப் படித்தாரா, தெரியவில்லை. குப்பை நின்றால் நீயும் நின்றுவிடுவாய் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால் படிக்கிறார் என்று ஆகிவிடுமே. அதனால்தான் மேஜையைத் தட்டியிருக்கிறார். நானோ 'வேண்டியது மட்டும் வரும் மாமா' என்று அவரிடமே சொன்னேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தப்பு என் வழியில்தான் இருந்தது. எழுதுகிறவர்களை மட்டும் எண்ணினேன். வாங்கிக்கொள்வதோடு சரி, பதில் எழுதாதவர் ஒருவர் இருப்பார் என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நாங்கள் பேசுவதை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை திருப்பித் தராத ஒன்றை.

பட்டியலில் பத்தாவதாக 'அப்பா' என்று சேர்த்துவிட்டேன். அவருக்கென்று தனிப்பெட்டி. பழைய தொண்ணூற்றேழையும் அதில் மாற்றிவிட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்கு அந்தத் திரையில் அது திறந்திருக்கும், அவ்வளவுதான். இந்த வெள்ளிக்கிழமை எழுது.

அண்ணி


மார்ச் 20, வெள்ளி

அண்ணி,

எண்ணிக்கை சரி.

இன்று எட்டரைக்கே ஆபீசுக்கு வந்துவிட்டேன். ஒன்பதே முக்கால் வரைக்கும் ஒரு வரி எழுத முடியவில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதியவை அவை. கோபம் வந்தால் திட்டியிருக்கிறேன். வாடகைக்கு இருக்கிற அறையில் ஒழுகுகிறது என்றும், பக்கத்து மேஜைக்காரன் பல் குத்துகிறான் என்றும், வாய்க்கு வந்ததையெல்லாம். எல்லாவற்றையும் படித்திருக்கிறார். படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமா கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு வருஷம், அண்ணி. ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.

கடைசியில் ஒரே வரி அனுப்பினேன். 'அப்பா, கிடைக்கிறதா?' திரும்பி வரவில்லை. உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

அந்த விசில் பற்றி. சர்வர் விசில் அடிக்காது. எனக்கு ஒன்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் தாங்கமாட்டேன், அதனால் எழுதவில்லை.

சுண்டு


மார்ச் 26, வியாழன்

சுண்டு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாமா வந்து உட்கார்ந்தார். நான் குட்டிக்கு ஊட்டுகிற சாக்கில் கதவோரம் நின்றேன். திரையைப் பார்த்தவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அந்த ஒரு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பதினொன்று வரைக்கும் அப்படியே இருந்தார். சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை ஒரு விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பிரிண்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். அவர் அடுப்படிக்குள் வருகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். "இது என்னன்னு பாரும்மா" என்றார். உன் ஆபீஸ் சர்வர் அனுப்பியது. உங்கள் கடிதம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று.

"நம்ம பட்டியல்ல எம்பேரச் சேத்தது நீதான?"

"ஆமா மாமா."

"அவளும் ஒரு பட்டியல் வெச்சிருப்பா. அதுல நான் இல்ல."

இல்லை மாமா, நம் சர்வர் குப்பை அனுப்பியதால் அவர்கள் மொத்தமாகத் தடுத்திருக்கிறார்கள், அது மெஷின் தானாகச் செய்வது என்று சிலேட்டில் எழுதினேன். "மெஷின் தானா செய்யுமா?" என்றார். "நீ செஞ்சப்ப நீதான செஞ்ச?" இன்றோடு இரண்டு நாளாகப் பத்து மணிக்கு அவர் உட்காரவில்லை.

நேற்று குட்டி உள்ளறையில் சிணுங்கியது. அழுகைகூட இல்லை, வெறும் சிணுங்கல். நான் எழுவதற்குள் மாமா எழுந்து போய்த் தூக்கிவிட்டார். ஊரே இரைச்சலிட்டாலும் திரும்பாதவர். தூக்குவதற்காகக் குனிந்தபோது அந்த விசில் வந்தது. குட்டி கையை நீட்டி அவர் இடது காதுக்குப் பின்னாலிருந்து ஒன்றைப் பிடித்து இழுத்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

போனை எடுத்து உன் எண்ணைக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். இந்த வீட்டிலிருந்து உனக்கு வருகிற முதல் போன் என்னுடையதாக இருக்கக் கூடாது என்று தோன்றியது.

அந்தப் பிரிண்டின் அடியில் அவர் எழுதியதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மாமா அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் படித்துவிட்டேன், இந்த முறை முழுவதையும். இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் கதவைத் திறக்கச் சொல், சுண்டு.

அண்ணி

*சுண்டு, கிடைத்தது. எல்லாம் கிடைத்தது. நீ அன்றைக்குச் சொன்னது சரி. இடது காதில் மாட்டியிருக்கிறேன். கடையில் இருந்த ரெடிமேட். அளவு சேரவில்லை, குனிந்தால் விசில் அடிக்கிறது. காதில் மாவு வைத்து அச்சு எடுத்தால்தான் அளவு சேரும், தன் காதுக்குத் தானே எடுக்க முடியாது. போன் பண்ணினால் கேட்கும். அப்பா.*


மார்ச் 30, திங்கள்

அண்ணி,

எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். காரணம் எழுதிக் கொடு என்றார். 'அப்பா' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நம் கடையைத் தடையிலிருந்து எடுத்துவிட்டார். இனி அங்கிருந்து எது வந்தாலும் வாங்கும்.

நீங்கள் வைத்து அனுப்பியதை நான் படித்ததாக அப்பாவிடம் சொல்லாதீர்கள். அந்தப் பிரிண்ட் பழசு என்று சொல்லி, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அவர் கையால் அனுப்பி, அது என் பெட்டியில் வந்து விழட்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் உட்கார்ந்திருப்பேன். வந்ததும் தானாகப் போகிற மாதிரி ஒரு வரியும் வைக்கவில்லை.

வந்த உடனே கடை நம்பருக்குப் போன் பண்ணுகிறேன். மெஷின் விசில் அடித்தால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும், அது அவருக்கே தெரியும். வாடிக்கையாளர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதுதான்.

அச்சு எடுக்கிற மாவு கடையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

மணி அடித்தால் நீங்கள் எடுக்காதீர்கள், அண்ணி.

சுண்டு